'எறும்புக்கல்' என்று ஒரு கல் கிடையாது

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கட்டெறும்பு வளர்க்கிறான். மழைக்குப் பின் பிடித்த ராணி கண்ணாடிக் குழாயிலேயே குஞ்சு பொரித்து, இப்போது முப்பது எறும்புகள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கூடு வார்த்தோம், பூஞ்சை பிடித்துவிட்டது. மாக்கல் குடையச் சுலபம் என்கிறார் சிற்பி ஒருவர். இணையத்தில் 'எறும்புக்கல்' 2,800 ரூபாய். எதை வாங்கலாம்?
- திருப்பூர் வாசகர்

பதில்: அந்த 2,800 ரூபாயை முதலில் பத்திரமாக உள்ளே வையுங்கள். அப்படி ஒன்றை வாங்கி வந்து என்னிடம் காட்டினார்கள். மேலே பூசியிருந்த பழுப்புப் பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே சாதாரண ஏஏசி பிளாக். உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டினால், பார்க்கப் பெரிதாகவும் தூக்க லேசாகவும் ஒரு வெளிர்சாம்பல் கல்லை அடுக்கியிருப்பார்களே, அதேதான்.

உங்களுக்கு வேண்டியதும் அதுதான். சிமென்ட், சுண்ணாம்பு, ஃப்ளை ஆஷ் கலவையில் துளி அலுமினியத் தூள் சேர்த்தால் வாயு கிளம்பி இட்லி மாவு மாதிரி பொங்கும். அதை அழுத்தமான நீராவியில் வேகவைத்து எடுப்பதால் உள்ளெங்கும் நுண்துளை. பழைய ஸ்பூனே குடைந்துவிடும். ஒரு முனையில் தண்ணீர் விட்டால் மெதுவாக ஊறிப் பரவும். அந்த முனை ஈரம், மறுமுனை காய்ச்சல். எந்த அறையில் முட்டை, எந்த அறையில் கூட்டுப்புழு என்பதை எறும்புகளே முடிவு செய்துகொள்ளும்.

மாக்கல் விஷயத்தில் சிற்பி சொன்னது நிஜம், குடையச் சுலபம்தான். ஆனால் அதே மாக்கல்லில் செய்த கல்சட்டியில் ஊற்றிய குழம்பு வெளியே கசிகிறதா? தண்ணீரை உள்ளே இழுக்காத கல் எறும்புக்கு எதற்கு? பிளாஸ்டர் நீரை இழுக்கும், ஆனால் ஈரத்தில் இளகும், எறும்பு கடித்தே சுரங்கம் போட்டுவிடும். உங்கள் பூஞ்சைக்குப் பாதிக் காரணம் பிளாஸ்டர், மீதி நீங்கள் ஊற்றிய தண்ணீர். தெர்மாக்கோல், பூங்கொத்து செருகும் பச்சை நுரை இரண்டும் வேண்டாம்.

பிளாக் கடையில் ஒரே ஒரு கல் கேட்டுப் பாருங்கள். "லோடுக்குக் குறைஞ்சு இல்ல சார்" என்பார்கள். ஒரு பையன் ஒரு கல் வாங்க வழியில்லாத ஊரில் அறிவியல் கண்காட்சிக்கு மட்டும் குறைவில்லை; அங்கும் தெர்மாக்கோலில் எறும்பு பொம்மை ஒட்டினால்தான் முதல் பரிசு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியைக் கேளுங்கள், உடைந்த துண்டைச் சும்மாவே கொடுப்பார். சிஎல்சி பிளாக்கையும் இதே பெயர் சொல்லித் தள்ளிவிடுவார்கள். வெறும் நுரை கான்கிரீட், நீராவியில் வெந்தது அல்ல. ஸ்க்ரூடிரைவர் முனை சுலபமாக இறங்காவிட்டால் வாங்காதீர்கள்.

ராணி விற்கும் ஆட்களிடம் இன்னும் ஜாக்கிரதை. கூரியரில் வருவது இணை சேராத ராணியாக இருந்தால் வேலைக்கார எறும்பு ஒன்றுகூடப் பிறக்காது. வெளிநாட்டு எறும்பு என்றால் பேச்சையே நிறுத்துங்கள்: கென்யாவில் 2025-ல் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம்.

ஒன்றே ஒன்று. மாமரத்து முசுறைப் பிடித்து இந்தக் கல்லில் விடலாமா என்று உங்கள் மகன் அடுத்துக் கேட்பான். கூடாது. அது மண்ணையோ கல்லையோ குடைந்து வாழும் ஜாதி இல்லை. இலையை இலையோடு இழுத்துப் பிடித்து, தன் புழுவையே நூல்கண்டாக்கித் தைத்துக் குடியிருப்பது. ஏஏசியில் விட்டாலும் பளிங்கில் விட்டாலும் உள்ளே தங்காது. உங்கள் திரைச்சீலையில்தான் ஏறும். வருடத்துக்குப் பத்துப் பேருக்காவது இதைச் சொல்கிறேன், பத்துப் பேரும் ஒருமுறை முயன்று, கடி வாங்கிய பிறகுதான் நம்புகிறார்கள்.

கல்லை ரம்பத்தால் இரண்டு அங்குல கனத்துக்கு அறுத்து, நனைத்துக்கொண்டே குடையுங்கள்; அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் அவசியம். முப்பது எறும்புக்குத் தீப்பெட்டி அளவில் மூன்று அறை தாராளம். அதிக இடம் கொடுத்தால் மிச்சத்தைக் குப்பைமேடாக்கிவிடும். குடைந்ததை மூன்று நாள் தண்ணீரில் போட்டு, தினமும் மாற்றிக் காயவைப்பது என் வழக்கம். பிறகு கண்ணாடியைச் சிலிக்கோனால் ஒட்டி, புளித்த வாடை முழுக்கப் போகும்வரை காத்திருங்கள்.

எறும்புகளைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டாம். குழாயைக் கூட்டின் வாசலில் இணைத்து, கூட்டை அட்டையால் மூடுங்கள், குழாயை வெளிச்சத்தில் விடுங்கள். இருட்டுக்குத் தாமாகவே குடிபெயரும். ஒரு வாரம் ஆனாலும் குழாயைத் தட்டக் கூடாது என்று பையனிடம் சொல்லிவையுங்கள்.