அப்பத்தாவை நடக்க விடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. மழை பெய்த அன்று வளவில் (வீட்டின் நடுமுற்றப் பகுதியில்) வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். சொந்தக்காரர்களோ மூன்று மாதம் படுத்தே இருக்கணும், எண்ணெய் போட்டு உருவிவிடணும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? அப்பத்தா மறுபடி சம்மணம் போட்டு உட்கார முடியுமா?"

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சொந்தக்காரர்களும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, எலும்பு கூடும்வரை வாரக்கணக்கில் படுக்க வைத்ததைப் பார்த்தவர்களாக இருப்பார்கள். அப்பத்தாவுக்குச் செய்திருப்பது வேறு. தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து மாதிரி இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளும். பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதி முறிந்தால் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் அறுந்துபோகலாம். வயதானவர்களுக்கு அது மறுபடி கூடுவது கஷ்டம். அதனால் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்தை வைத்துவிடுகிறார்கள். கூடுவதற்காகக் காத்திருக்க அங்கே முறிந்த எலும்பே இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைப்பது அதனால்தான்.

படுத்தே இருந்தால் நிமோனியா, படுக்கைப் புண், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது என்று ஒவ்வொன்றாக வரும். தொடைத் தசையும் வேகமாகக் கரையும். எண்ணெய் போட்டு உருவுவது வேண்டவே வேண்டாம். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தால் உருவும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்; உயிருக்கே ஆபத்து. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலில் திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகித் திரும்பிக் கிடந்தாலும் அப்படியே. மூட்டு நழுவியிருக்கலாம்.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியை ஆரம்பியுங்கள். படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலை மெத்தையில் அழுத்திப் பிடிப்பது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது. அப்புறம் நின்றுகொண்டு, ஆடாத ஒன்றைப் பிடித்தபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை தேறாவிட்டால் சாய்ந்து சாய்ந்து நடக்கிற நடை நிலைத்துவிடும்.

நம் ஊர் வீட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது கட்டுக்குக் கட்டு நிலைப்படி, முற்றத்தில் சாரல், ஆத்தங்குடித் தரைக்கல்லில் தண்ணீர் பட்டால் வழுக்கல், கழிப்பறையோ பின்னால் கடைசிக் கட்டுக்குள். வாக்கரோடு ஒரு கிழவி இத்தனையும் தாண்டிப் போக முடியாது. படுக்கையைக் கழிப்பறை இருக்கிற கட்டுக்கு மாற்றுங்கள், அல்லது படுக்கைக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி வையுங்கள். தாண்டியே ஆகவேண்டிய படிக்குத் தச்சரிடம் சாய்வுப் பலகை செய்யச் சொல்லுங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். சாரல் படாத தாழ்வாரத்தில் நடக்க விடுங்கள். வளவுத் தூண்கள் கணக்குக்கு உதவும்: இன்று இரண்டு தூண் தூரம், நாளை மறுநாள் மூன்று. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்கவேண்டும். பலரும் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். அதனால் இடுப்புக்குச் சுமை குறைவதில்லை.

சம்மணம் இப்போதைக்கு வேண்டாம். ஆபரேஷனில் மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து உலோகப் பந்தை வைத்திருந்தால், குனிவதும் காலைக் குறுக்கே போடுவதும் அதை நழுவ வைக்கலாம். முதல் மூன்று மாதம் தாழ்வான இருக்கை, ஊஞ்சல், தரை எதுவும் கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிற உயரத்தில் நாற்காலி இருக்கட்டும். அதன்பிறகு தரையில் உட்காரலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்லவேண்டும். பல பேருக்கு வேண்டாம் என்றே சொல்வார்கள். தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகிய அப்பத்தாவுக்கு அது பெரிய இழப்பு. பந்தியில் அவருக்கு மட்டும் தனியாக மேசை போடாமல், இன்னும் இரண்டு பேர் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இன்னொன்று. வழுக்கி விழுந்ததற்கே இடுப்பு முறிகிறதென்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. மற்ற இடுப்பும் அதே எலும்புதான். பால், முட்டை, பருப்பு, கேழ்வரகு நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. எலும்பு மெலிவுக்கென்றே மாத்திரையும், வருடத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கின்றன. ஆபரேஷனோடு வேலை முடிந்தது என்று பலர் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்களே கேளுங்கள்.