கோதிக் பாரிஷ் சர்ச்னா என்ன? எப்படி அவ்ளோ உயரமா நின்னுச்சு?

பாரிஷ் சர்ச்னா ஒரு ஊர்க்காரங்களோட பங்கு கோயில், அவ்ளோதான். கோதிக்ங்கிறது கட்டுற ஸ்டைல், கூர்மையான வளைவு, உசந்த கூரை, பெரிய கலர் கண்ணாடி ஜன்னல்.

ஜெர்மனில உல்ம் நகரத்து சர்ச்ச எடுத்துக்கோங்க. பழைய பங்கு கோயில் மதிலுக்கு வெளிய இருந்துச்சு, எதிரி முற்றுகை போட்டா பூசைக்கே போக முடியாது, அதனால ஊர் மக்களே காசு போட்டு 1377ல உள்ளயே கட்ட ஆரம்பிச்சாங்க. 1543ல வேலை நின்னுபோச்சு, கோபுரம் பாதில நிக்க, முன்னூறு வருஷம் அப்படியே கிடந்து 1890லதான் முடிஞ்சுது, 161.5 மீட்டர்! எனக்கு இத நினைச்சாலே சிலிர்க்கும், ஆரம்பிச்சவங்க யாருமே முடிச்சத பாக்கல.

உயரத்துக்கு காரணம் அந்த கூர் வளைவுதான். அரைவட்ட வளைவு பாரத்த பக்கவாட்டுல நிறைய தள்ளும், அதுக்கு தடிச்ச சுவர் வேணும், கூர் வளைவு பாரத்த பெரும்பாலும் கீழ தூணுக்கு இறக்கிடும். மிச்சம் தள்ளுறத வெளிய இருக்கற முட்டுச்சுவரும் பறக்குற மாதிரி இருக்கற வளைவு முட்டும் வாங்கிக்கும், குலை தள்ளின வாழைக்கு கம்பு முட்டு குடுப்போம்ல, அதே கதைதான். பாரம் சுவர்ல இல்லாததாலதான் அங்க ஜன்னல் வைக்க முடிஞ்சுது. உல்ம்ல இந்த வளைவு முட்டுங்கள வச்சது 19ம் நூற்றாண்டுலதான்.

இவ்ளோ பெருசா இருக்கறதால பலபேர் இத கதீட்ரல்னு சொல்றாங்க, ஆனா பிஷப்போட இருக்கை இருந்தாதான் கதீட்ரல், உல்ம்ல பிஷப் இருந்ததே இல்ல.