லாரி கேபினில் கூடுதல் சுவிட்ச்: பேனல் வாங்கும் முன்

கேள்வி: என்னிடம் பத்துச் சக்கர லாரி ஒன்று இருக்கிறது. நானே ஓட்டுகிறேன். முன்னால் நான்கு ஃபாக் லைட், பின்னால் லோடு இறக்க ஒரு விளக்கு, கேபினுக்குள் ஒரு விசிறி, ஒரு சிறு விளக்கு, இரண்டு செல்போன் சார்ஜர் மாட்ட வேண்டும். ஆன்லைனில் ஆறு சுவிட்ச் பேனல் ஒன்றைப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. வாங்கலாமா? இல்லை, சங்ககிரி பக்கம் ஒயரிங் கடையில் விட்டு, தனித்தனி சுவிட்சாகப் போட்டுக்கொள்ளவா?

பதில்: பேனலை வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ரிலேயும் (சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஃபியூஸும் வாங்குங்கள். கேபினுக்குள் தீப்பிடித்த வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். உள்ளே ஆள் தூங்குகிற வண்டி இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உங்கள் லாரி 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஃபாக் லைட் ஒவ்வொன்றும் 70 வாட் என்றால் நான்குக்கு 280 வாட். அதை 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 ஆம்ப் வரும். அந்த 12 ஆம்பும் விரல் நுனி அளவு சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. சுவிட்ச் சூடாகும், பிளாஸ்டிக் இளகும், ஒரு நாள் 'ஆஃப்' செய்தாலும் விளக்கு அணையாது. ரிலே போட்டால் சுவிட்ச் வழியாக ஓர் ஆம்பில் சிறு பங்குதான் போகும். கனமான கரண்ட், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேரே விளக்குக்குப் போய்விடும். ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். 30-க்கு ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி ஒயர், 87-க்கு விளக்கு, மற்ற இரண்டில் ஒன்று சுவிட்சுக்கு, இன்னொன்று எர்த்துக்கு. வாங்கும்போது ரிலேயின் மேல் 24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கார் ரிலே 12 வோல்ட், லாரியில் போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

ஃபாக் லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வண்டி ஒயரும் 15 ஆம்ப் ஃபியூஸும் (பிளேடு வகையில் நீல நிறம்) போதும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பலர் அதை டேஷ்போர்டுக்கு உள்ளே வைக்கிறார்கள். அப்படி வைத்தால், பேட்டரிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஒயர் உரசி சேஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. வீட்டு ஒயர் வேண்டாம். வண்டி ஒயரில் மெல்லிய கம்பிகள் நிறைய இருப்பதால்தான் அது குலுங்கலைத் தாங்குகிறது. தகட்டில் துளை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். உங்களுடையது முன்னால் சாய்கிற கேபின் என்றால், ஒயரில் போதிய தளர்வு விட்டு, கேபினை ஒருமுறை முழுவதும் சாய்த்துப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேனல். 'ஒவ்வொரு சுவிட்சும் 20 ஆம்ப்' என்று போட்டிருப்பார்கள். பேனலைத் திருப்பிப் பாருங்கள். ஆறு சுவிட்சுக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே ஒரு மெல்லிய ஒயராக இருக்கும். ஆறையும் சேர்த்துப் போட்டால் அதுதான் முதலில் சூடாகும். அடுத்து, சுவிட்சின் மேல் 250 வோல்ட் ஏசி (வீட்டுக் கரண்ட்) அளவு மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரி கரண்டில் அது நடக்காது, முனை தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். 24 வோல்ட் டிசியில் (பேட்டரி கரண்டில்) எத்தனை ஆம்ப் தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

ஃபாக் லைட்டை சாவி போட்டால் மட்டும் எரியும்படி செய்யச் சொல்லுங்கள். ஓர் இரவு எட்டு மணி நேரம் மறந்து விட்டால் பேட்டரியிலிருந்து 90 ஆம்ப்-அவருக்கு (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) மேல் போய்விடும், காலையில் வண்டி கிளம்பாது. விசிறியும் உள்விளக்கும் நேர் பேட்டரியில், அவற்றுக்கென்று தனி ஃபியூஸோடு இருக்கட்டும். இரண்டு ஆம்ப் விசிறி இரவெல்லாம் ஓடினாலும் 16 ஆம்ப்-அவர்தான், நல்ல பேட்டரி தாங்கும். விசிறிச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயம், பழைய வண்டிக்காரருக்கு அந்த விசிறிதான் தூக்கம்.

பின்பக்க வெள்ளை விளக்கு, வண்டி ஓடும்போது எரியக் கூடாது. அதற்கான சுவிட்சைக் கை தவறிப் படாத இடத்தில், மூடி உள்ளதாக வையுங்கள். வண்டி பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்தது) என்றால் கம்பெனி ஒயரை எங்கும் சீவி இணைக்க விடாதீர்கள். வாரண்டியும் போகும், வண்டியின் கம்ப்யூட்டரும் குழம்பும்.

கேள்வி: சார்ஜருக்கு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் கன்வெர்ட்டர் செலவு மிச்சம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரிதானா?

பதில்: சரியில்லை. அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கிக்கொண்டே வரும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) இரண்டையும் சேர்த்தே சார்ஜ் செய்வதால் இறங்கிய பேட்டரி நிறையாது, மற்றது அளவுக்கு மேல் ஏறி தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். செல்போன் சார்ஜர் மட்டும்தான் என்றால், 12 முதல் 24 வோல்ட் வரை வேலை செய்யும் யூஎஸ்பி சாக்கெட் போதும், கன்வெர்ட்டரே வேண்டாம்.

கேள்வி: ஒரு கடையில் பில் போட்டு சுவிட்சும் ஒயரிங்கும் செய்தேன். மூன்றே மாதத்தில் சுவிட்ச் உருகி டேஷ்போர்டு கருகிவிட்டது. கேட்டால், 'லாரி வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள்' என்கிறார் கடைக்காரர். லாரியை நானே ஓட்டித்தான் பிழைக்கிறேன்.

பதில்: அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியது அதில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டுவதற்காக லாரி வாங்கியவர் நுகர்வோர்தான் என்று ஓர் உதாரணமாகவே சொல்லியிருக்கிறது. பத்து லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு இந்தப் பதில் பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும்.

உருகிய சுவிட்சைக் கழற்றுவதற்கு முன்பே இடத்தோடு படம் எடுங்கள். கழற்றிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேறொரு எலெக்ட்ரீஷியனிடம் ரிலே இருந்ததா, ஃபியூஸ் எத்தனை ஆம்ப் என்று எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.