ஊசி போடப் பழகும்போது எதில் அதிகக் கவனம் வேண்டும்?

மெடிக்கல் அசிஸ்டன்ட் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, சிரிஞ்சை எடுத்தாலே கை நடுங்குகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடுக்கம் பழகப் பழகப் போய்விடும். பயிற்சியில் நான் செய்யப் போன பெரிய தவறுக்கும் கை நடுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பெரியவரிடம் சீட்டிலிருந்த பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே ஐயா?" என்று கேட்டேன். தலையாட்டினார். சட்டைக் கையைச் சுருட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியின் மூடியையும் கழற்றிவிட்டேன். அப்போதுதான் அவர் மகள் உள்ளே வந்து, "அது எங்க அப்பா பேர் இல்லையே" என்றார். பெரியவருக்குக் காது மந்தம். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாராம்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் பெயரை எடுத்துக் கொடுப்பதில்லை. பெயர், பிறந்த தேதி இரண்டையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறேன். முடியாதவர் என்றால் கூட வந்தவரிடம் கேட்கிறேன். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சரியான ஆள், மருந்து, அளவு, செலுத்தும் வழி (தசையிலா, தோலுக்கு அடியிலா என்பது), நேரம் என்று ஐந்தையும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதோடு லேபிளை மூன்று முறை படியுங்கள்: மருந்தை எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, போடுவதற்குச் சற்று முன். வேறொருவர் ஏற்றிவைத்த, லேபிள் இல்லாத சிரிஞ்சை யார் நீட்டினாலும் வாங்கிப் போடாதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அளவு விஷயத்தில் எனக்கு இன்றும் பயம் இருப்பது இன்சுலினிடம்தான். மி.லி.க்கு 100 யூனிட் உள்ள வகையில் 10 யூனிட் என்றால் வெறும் 0.1 மி.லி. ஓரிரு சொட்டுதான். இன்சுலின் சிரிஞ்சும் சாதாரண 1 மி.லி. சிரிஞ்சும் பார்க்க ஒரே மாதிரி ஒல்லியாக இருக்கும். ஆனால் ஒன்றில் கோடுகள் யூனிட், மற்றதில் மி.லி. மாற்றி எடுத்து 0.1 என்பதற்குப் பதில் 1 வரை இழுத்துவிட்டால் 100 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வகையும் உண்டு. குப்பியில் உள்ள இந்த எண்ணும் (40 அல்லது 100) இன்சுலின் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போடும் முன் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கோணம் சீக்கிரம் பழகிவிடும். தசைக்கு 90 டிகிரி, தோலுக்கு அடியில் 45 முதல் 90, தோலுக்குள்ளேயே என்றால் 5 முதல் 15.

அப்புறம், ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சில் ஊசியை மட்டும் மாற்றி அடுத்தவருக்குப் போடவே கூடாது. சிரிஞ்சுக்குள்ளும் ரத்தம் ஏறியிருக்கலாம். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் நேராக ஷார்ப்ஸ் பெட்டியில், அதாவது கூர்மையான கழிவுகளுக்கான பெட்டியில், போடுங்கள். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.