குறை சொன்னவர் இளையவர் என்றால்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கீழே புல் வெட்டியவரின் மகன் இன்று எங்கள் சபையின் பொருளாளர். அறுப்பின் பண்டிகைக்கு நான் எழுதிய கணக்கில் இருந்த தவற்றை அவர் கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எடுத்துச் சொன்னார். தவறு என்னுடையதுதான், ஆனாலும் மனம் ஆறவில்லை. மனத்தாழ்மைக்காக ஜெபித்தும் வரவில்லை. அதை எப்படிப் பழகுவது?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அதே தவற்றைப் போதகர் சுட்டிக்காட்டியிருந்தால் நன்றி சொல்லித் திருத்தியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். விடியுமுன் பெரட்டு என்னும் வேலையாட்கள் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டு, வெட்டிய குலைகளை எண்ணி, மரத்தடியில் பொறுக்காமல் விட்ட உதிரிப் பழங்களைக் காட்டிக் கண்டித்தவருக்கு, குறை காண்பது தம் வேலை, கேட்டுக்கொள்வது பிறர் வேலை என்று மனத்தில் படிந்துவிடுவது இயல்பு. ஆலயத்துக்குள் அந்த வரிசைக்கு இடமில்லை. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபையை யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார்.

2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். சீரியாவின் படைத்தலைவனான நாகமானுக்குத் தொழுநோய் நீங்க வழி சொன்னவள், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டு அவன் மனைவிக்குப் பணிவிடை செய்த ஒரு சிறுபெண். தீர்க்கதரிசி எலிசா தன்னிடம் வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தவனுக்கு, யோர்தானில் ஏழு தரம் முழுகும்படி ஆள்மூலம் சொல் மட்டுமே வந்தபோது, தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை அல்லவா என்று கோபத்தோடு திரும்பினான். அப்போது அவனைத் தடுத்தவர்களும் அவனுடைய ஊழியக்காரர்களே. ‘தகப்பனே’ என்று மரியாதையோடு அழைத்து அவர்கள் சொன்னதைக் கேட்டு அவன் ஆற்றில் இறங்கினான். மனம் முற்றிலும் ஆறிய பிறகுதான் இறங்கினான் என்று வேதம் சொல்லவில்லை.

ஆகவே நீங்களும் மனம் ஆறும்வரை காத்திராதீர்கள். அடுத்த கூட்டத்தில், ‘பொருளாளர் சொன்னது சரி, திருத்திவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு அமருங்கள். ‘நான் படிக்காதவன், எனக்கு என்ன தெரியும்’ என்று நீட்ட வேண்டாம். அந்தப் பேச்சு பெரும்பாலும் பிறரிடமிருந்து புகழ்ச்சியை வரவழைப்பதில்தான் முடிகிறது. தன்னைக்குறித்து மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணத்தோடு இருக்கும்படிதான் ரோமர் 12:3 சொல்கிறதே தவிர, இத்தனை வருட உழைப்பைக் குறைத்துப் பேசும்படி கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் பார்க்கத் துடைப்பத்தைக் கையிலெடுப்பதும் வேண்டாம்.

அடுத்த பண்டிகைக் கணக்கைப் பொருளாளரின் அருகில் உட்கார்ந்து, அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று இளையவரிடம் சொல்லிக் கற்றுக்கொள்வதைவிட நல்ல பயிற்சி வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய தந்தை இன்னும் உங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறார் என்றால், அவர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மகனை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பெரட்டில் அவரைக் கடுமையாகப் பேசிய நாள் ஏதேனும் நினைவுக்கு வந்தால், அதற்கு அன்றே மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.