பதில்: பாம்பன் பாலப் பதிவில் மட்டும் பக்கப்பட்டை கீழே போகிறது

வணக்கம் அண்ணே. உங்கள் வலைப்பூவில் பாம்பன் பாலப் படங்கள் உள்ள ஒரு பதிவில் மட்டும், ஓரத்தில் நிற்க வேண்டிய பக்கப்பட்டை அடியில் விழுகிறது, கைப்பேசியில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது என்கிறீர்கள். மற்றப் பதிவுகள் சரியாக இருப்பதால் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வடிவமைப்பான டெம்ப்ளேட்டின் கட்டமைப்பைத் தொடவே தொடாதீர்கள். கோளாறு அந்தப் பதிவுக்குள்தான். பதிவின் பின்னாலுள்ள குறிமொழியைக் காட்டும் எச்டிஎம்எல் பார்வையில் திறந்து, டிவ் (<div> என்று திறந்து </div> என்று மூடும் பெட்டிக் குறி) திறப்புகளையும் மூடல்களையும் எண்ணுங்கள். ஒரு மூடல் கூடுதலாக இருந்தாலே பதிவின் பெட்டி முன்கூட்டியே மூடிக்கொள்ளும். பக்கப்பட்டை இடம் தவறிக் கீழே போகும். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இது அடிக்கடி வரும்.

பக்கவாட்டு நகர்வு தனிப் பிரச்சினை. 1200 பிக்சல் அகலப் படம் 360 பிக்சல் திரையில் அடங்காது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் படங்களுக்கு மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம், max-width) 100%, ஹைட் (உயரம், height) ஆட்டோ (auto) கொடுங்கள். படத்துக்கு உயரம் குறித்திருக்கும்போது இரண்டாவதை விட்டுவிட்டால் பாலம் நெடுக்காக இழுபட்டுத் தெரியும். சேமித்ததும் உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை (கேஷை) அழித்துவிட்டுப் பாருங்கள்.