நல்ல உலகத்தில் குப்பை அள்ளுவது யார்?

கேள்வி: எனக்கு 27 வயது. அறிவியல் புனைகதை என்றால் உயிர். நானும் ஆறேழு கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் உலகம் அழிந்துவிடுகிறது. சரி, நல்ல எதிர்காலம் ஒன்றை எழுதுவோம் என்று உட்கார்ந்தால் வீட்டுமனை விளம்பரம் மாதிரி வருகிறது. கூட வேலை பார்க்கும் நண்பர், "கதை எழுதி உலகம் மாறிடுமா? உருப்படியா ஏதாவது செய்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா? (பெயர் வேண்டாம்)

பதில்: பாதி சரி. கதை எழுதினால் மட்டும் ஒன்றும் மாறாது, யாராவது எழுந்து போய் மண்வெட்டியைத் தூக்க வேண்டும். ஆனால் எங்கே வெட்டுவது, எதைக் கட்டுவது, கட்டினால் அதற்குள் யார் நிம்மதியாக இருப்பார்கள், யார் மூச்சுமுட்டிப் போவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிப் பார்க்க, ஏன், சண்டை போட்டுப் பார்க்கவே ஓர் இடம் வேண்டும். அதற்குக் கதையைவிடச் செலவு குறைந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

1888இல் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி ஒரு நாவல் எழுதினார். 1887இல் தூங்கப்போன ஒருவன் 2000ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் கண்விழிக்கிறான். அங்கே வறுமை இல்லை, முதலாளிகள் இல்லை, எல்லாம் அரசாங்கத்தின் கையில். தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக்கே இசை வருகிறது. (இந்த மாதிரி 'அப்போதே சொன்னார் பார்த்தீர்களா' கணக்கில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. ஊகம் பலிப்பது ஜோசியக்காரர் கவலை.) புத்தகம் லண்டனில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்த எபனேசர் ஹோவர்டு என்பவர் கைக்குப் போனது. படித்தவருக்கு அது மண்டைக்குள் புகுந்துகொண்டது, இங்கிலாந்தில் அது வெளிவரவும் உதவினார். பத்து வருடம் கழித்து, 1898இல், ஊரும் வயலும் கலந்த தோட்ட நகரம் என்ற தன் திட்டத்தைப் புத்தகமாகப் போட்டார். 1903இல் லண்டனுக்கு வடக்கே லெச்வொர்த்தில் அதைக் கட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். ஒரு சுருக்கெழுத்தர் படித்த கதை, கொஞ்ச தூரமாவது, தெருவாகவும் வீடாகவும் ஆகியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அதே நாவலைப் படித்த ஆங்கிலேய எழுத்தாளர் வில்லியம் மோரிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கைவினைக்காரரும்கூட, சுவர்க் காகிதத்துக்குப் பூ வரைகிறவர். எல்லோரையும் பட்டாளம் மாதிரி அணிவகுக்கவைத்து வேலை வாங்கும் ஓர் உலகத்தை நல்ல உலகம் என்கிறார்களே என்று எரிச்சலாகி, 1890இல் பதிலுக்கு ஒரு கதையே எழுதினார். அதில் பணமே இல்லை, மனிதர்கள் பிடித்த வேலையைச் செய்கிறார்கள், தேம்ஸ் ஆற்றில் மறுபடியும் சால்மன் மீன் பிடிக்கிறார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு செங்கல் வைக்கும் முன்பே இந்தச் சண்டை நடந்தது பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். கட்டிடம் எழும்பிய பிறகு "எனக்கு இதில் இடமில்லையே" என்று ஒருவர் சொன்னால் இடித்துத்தான் சரிசெய்ய வேண்டும். கதையில் அடித்து எழுதினால் போதும்.

உங்கள் அழிவுக் கதைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லியோ சிலார்டு என்ற இயற்பியலாளர் 1932 வாக்கில் ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் ஒரு நாவலைப் படித்தார். 1914இல் வந்த அந்தக் கதையில் அணுகுண்டுகள் நகரங்களைச் சாம்பலாக்குகின்றன. அடுத்த வருடமே சிலார்டுக்கு அணுக்கருத் தொடர்வினை என்ற யோசனை உதித்தது, அதாவது ஓர் அணுக்கருவில் தொடங்கும் வினை அடுத்தடுத்த அணுக்கருக்களுக்குத் தானாகப் பரவுவது, அணுகுண்டுக்கு அடிப்படையே அதுதான். காப்புரிமை வாங்கியவர் அதை வெளியே விடாமல் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ரகசியமாக ஒப்படைத்தார். இது எங்கே போய் முடியும் என்பது வெல்ஸைப் படித்ததால் தனக்குத் தெரிந்திருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் குண்டு செய்யப்பட்டது, அதற்கான முயற்சியில் அவருடைய பங்கும் உண்டு. சரணடைய வாய்ப்புக் கொடுக்காமல் ஜப்பான் மீது போட வேண்டாம் என்று 1945இல் சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கினார், அதற்கும் பலனில்லை. பயமுறுத்தும் கதை ஒருவரைப் பாதி ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கும். எழுந்தவர் எந்தப் பக்கம் போவது என்று அதில் இருக்காது.

சரி, அந்த வீட்டுமனை விளம்பர விவகாரத்துக்கு வருவோம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று எழுதினேன். தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத நகரம், கூரையெல்லாம் செடி, எல்லோரும் சிரித்த முகம். படித்த சிநேகிதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதுல குப்பையை யார் அள்றாங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்த நகரத்தை மொட்டைமாடியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வங்காள எழுத்தாளர் ரொக்கையா பேகம் 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' அந்தத் தவறைச் செய்யாது. பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், மேகத்திலிருந்து பலூன் வழியே தண்ணீர் எடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவே கதை சொல்பவள் ஒரு சமையலறைக்குள் நுழைந்து பார்க்கிறாள். புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் அடுப்படியில் கண் எரிந்த ஒருத்திக்கு அந்த ஓர் அறை போதும், மிச்சக் கதையை நம்பிவிடுவாள். எழுதியவரும் எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, 1911இல் கல்கத்தாவில் பெண்களுக்கான பள்ளியை நடத்தத் தொடங்கிவிட்டார்.

அதனால் உங்கள் அடுத்த கதையில் தலைவர், விண்கலம், பொன்னுலகம் எதுவும் வேண்டாம். அந்த நல்ல உலகத்தில் வாழும் ஓர் எரிச்சல் பிடித்த ஆசாமி எழுதும் புகார்க் கடிதத்தை எழுதுங்கள். பொதுச் சமையலறையில் உப்பு அதிகம், பழுது பார்க்கும் முறை தனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, மழைநீர்க் குழாயைப் பக்கத்து வீட்டுக்காரர் சுத்தம் செய்வதே இல்லை, இப்படி. புகார் எழுதும்போது அந்த உலகத்தின் விதிகளெல்லாம் தானாக வெளியே வரும், யார் வேலை செய்கிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள், யார் பேச்சு எடுபடாமல் போகிறது என்பது உட்பட. விளம்பரத்தில் யாரும் புகார் சொல்வதில்லை அல்லவா?

அப்புறம், எழுதி முடித்ததும் உங்களைப் பாராட்டுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்த நண்பரிடமே கொடுங்கள். "இதெல்லாம் நடக்காது" என்றுதான் ஆரம்பிப்பார். ஏன் நடக்காது என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டு வந்து இரண்டாம் பிரதியை ஆரம்பியுங்கள்.